தருமர் ஏறாத ரதம்

சென்ற வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் விடுமுறையில் போய்விட்டார். விஞ்ஞானம் போதிக்கும் என் தலையில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் வந்து விழுந்தது. பாடம் மகாபாரதத்தின் முடிவு. பாண்டவர்கள் ராஜ்யத்தைத் துறந்து இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். வழியில் ஒவ்வொருவராக வீழ்கிறார்கள். கடைசியில் தருமபுத்திரரும், அவரைத் தொடர்ந்து வந்த ஒரு நாயும்தான் மிச்சம். இந்திரன் ரதத்தைக் கொண்டுவந்து நிறுத்தி ஏறச் சொல்கிறான். நாயை விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும் என்கிறான். என்னை நம்பி வந்த பிராணியைக் கைவிட்டுக் கிடைக்கும் சுவர்க்கம் எனக்கு வேண்டாம் என்று தருமர் ரதத்தில் ஏற மறுத்துவிடுகிறார்.

இந்த இடத்தில் வகுப்பு நிசப்தமாகிவிடும் என்று தமிழாசிரியர் முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருந்தார். நிசப்தமாகத்தான் இருந்தது. பிறகு கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். "ஸார், இந்திரன் சரியென்று சொல்லியிருந்தால், தருமர் அந்த நாயை ரதத்தில் எங்கே உட்கார வைத்திருப்பார்? முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாத காரணத்தால், இரண்டு வருஷங்களுக்கு முன் சிதம்பரம் மேல வீதியில் ஒரு நாயின் பிராணனைப் போக்கடிக்க இருந்தவன் நான். பையனிடம், "நல்ல கேள்வி, உட்கார்" என்று மட்டும் சொன்னேன். முழு விடையை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் நாயின் பெயர் மணி. அதற்கு ஜாதகம் கிடையாது. ஒரு மழைக்காலத்தில், தேவனாம்பட்டினம் கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் அடியில் என் மகள் கண்டெடுத்த குட்டி அது. காவி நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றொன்று மடிந்திருக்கும். நிறை 20 கிலோ. அந்த வருஷம் மே மாதம் அண்ணாமலை நகரிலுள்ள என் அக்காள் வீட்டில் ஒரு விசேஷம். இரண்டு நாள் தங்கவேண்டியிருந்தது. வழக்கமாக மணிக்குச் சோறு வைக்கும் பக்கத்து வீட்டாரும் ஊரில் இல்லை. ரயிலிலே நாயை அழைத்துப் போவதென்றால் முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியிலுள்ள நாய்ப் பெட்டியில் அதைத் தனியே ஏற்றி அனுப்ப வேண்டும். பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு முதல் யோசனை கட்டாது. என் மகளுக்கு இரண்டாவது யோசனை ஆகாது. ஆகவே எங்கள் பழைய காரில் மணியையும் ஏற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று.

மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இந்த அற்ப தூரத்துக்குள் செய்யக்கூடிய தவறுகளில் ஒன்றையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

முதல் தவறு வீட்டிலேயே நடந்தது. "ஊருக்குப் போகிற பிள்ளை, வயிறு நிறையப் போகட்டும்" என்று என் மனைவி ஒரு தட்டு நிறையத் தயிர்ச்சோறு வைத்தாள். மணி மறுக்கவில்லை. கெடிலம் பாலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் வந்தபோது அதன் வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. முதுநகர் தாண்டியதும் அடிக்கடி கொட்டாவி விட்டது. அதற்குத் தூக்கம் வருகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆலப்பாக்கம் வருவதற்குள் தயிர்ச்சோறு முழுவதும், அக்காளுக்காக வாங்கிய பட்டுப்புடவைப் பெட்டியின் மேல் வந்துவிட்டது.

எச்சில் ஒழுகுவதும், கொட்டாவி விடுவதும், உதட்டை நக்கிக்கொண்டே இருப்பதும் நாய்க்குக் குமட்டல் எடுப்பதற்கு அடையாளம் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஓடும் வண்டியின் ஆட்டம் பெரிய நாயைவிடக் குட்டிகளை அதிகமாக வாட்டும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே கொஞ்சமாக ஆகாரம் கொடுத்து நிறுத்திவிடவேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. 1978-ஆம் வருஷத்துப் பிராணிகள் போக்குவரத்து விதிகளில், நாய்க்கும் பூனைக்கும் பிரயாணத்துக்குக் குறைந்தது இரண்டு மணி முன்னதாகத் தீனியும் தண்ணீரும் கொடுத்துவிடவேண்டும் என்றும், வழியில் கோடைக்காலமானால் நான்கு மணிக்கொரு தடவை தண்ணீர் காட்டவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. நமது கடலோர வெயிலில் நான்கு மணி என்பதை ஒரு மணி என்று திருத்திப் படிப்பது நலம். நமக்கு வாந்தி நிற்பதற்காக வைத்தியர் கொடுத்த மாத்திரையில் பாதியைக் கிள்ளி நாய்க்குப் போடும் கைவைத்தியம் மட்டும் வேண்டாம். நமக்கு மருந்தாவது அதற்கு விஷமாகலாம். மாத்திரை தேவையானால் கால்நடை வைத்தியர் சொல்லட்டும்.

இரண்டாவது தவறு, காற்று வாங்கட்டும் என்று ஜன்னலை முழுவதும் இறக்கிவிட்டது. மணி தலையை வெளியே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, காது பறக்க ஆனந்தமாக நின்றது. எதிரே வருபவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் லாரிகள் கிளப்பும் மண்ணும், பறந்து வரும் பூச்சியும் அந்தக் கண்ணிலேதான் விழுகின்றன. பொத்தானை அமுக்கினால் ஏறி இறங்கும் கண்ணாடியாக இருந்தால் இன்னோர் அபாயமும் உண்டு. நாயின் கால் தற்செயலாகப் பொத்தானில் பட்டு, கண்ணாடி மேலேறி அதன் கழுத்தையே நெரித்துவிடக்கூடும். மூக்கு நுழையும் அளவுக்கு ஜன்னல் திறந்திருந்தால் போதும். வாசனை பிடிப்பதுதான் நாய்க்கு ஊர் பார்ப்பது. அதற்குத் தலை முழுவதும் வெளியே போகவேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது தவறு புதுச்சத்திரத்துக்கு அருகில் வெளிப்பட்டது. ஓர் ஆட்டுக்குட்டி சாலையின் குறுக்கே ஓடிற்று. பிரேக்கை மிதித்தேன். ஆடு தப்பியது. பின் ஸீட்டில் கட்டாமல் நின்றிருந்த மணி, என் ஆசனத்தின் முதுகில் மோதிக் கீழே உருண்டது. அன்று எங்கள் வேகம் அதிகமில்லை, ஆகவே காயமில்லை.

அந்தப் பையனின் கேள்விக்கு இங்கேதான் பாதி விடை இருக்கிறது. கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன்மேலாவது மோதித் திடீரென்று நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கும் பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும். அந்த வேகம், 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அடையும் வேகத்துக்குச் சமம். 20 கிலோ எடையுள்ள நாயை மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் அது என்ன ஆகும், அதன் கீழே நிற்பவர் என்ன ஆவார் என்று எண்ணிப் பாருங்கள். கீழே நிற்பவர் என்பது முன் ஸீட்டில் இருக்கும் நாம்தான். நாயைக் கட்டி வைப்பது நாய்க்காக மட்டுமல்ல.

ஆகவே நாய்க்கு இடம் பின் ஸீட். முன் ஸீட்டில் மடிமேல் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் மோசம். நாயின் ஸ்தானத்தில் குழந்தை இருந்தாலும் அப்படியே. இந்தக் காலத்துக் கார்களில் விபத்தின்போது முன்னால் வெடித்து விரியும் காற்றுப்பை, வளர்ந்த மனிதரை உத்தேசித்துச் செய்தது. கட்டுவதிலும் முறை உண்டு. கழுத்துப்பட்டையில் கயிறு போட்டு வண்டியோடு பிணைத்தால், திடீரென்று நிற்கும்போது கழுத்துக்கே ஆபத்து. மார்பையும் தோளையும் சுற்றி வரும் அகலமான பட்டை கடைகளில் கிடைக்கிறது. அதை வண்டியின் பெல்ட்டோடு குட்டையாகப் பிணைக்கவேண்டும். நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். முன் ஸீட்டுக்கு வர இடம் இருக்கக்கூடாது. சிறிய நாயானால், காற்றோட்டமுள்ள கூண்டில் வைத்துக் கூண்டை அசையாமல் பிணைத்துவிடலாம்.

இவ்வளவும் நடந்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. நான்காவது தவறுதான் பெரிய தவறு. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சிதம்பரம் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. பாழாய்ப்போன புடவைக்குப் பதிலாக வேறு புடவை வாங்கவேண்டும். மேல வீதியில் ஒரு வேப்ப மர நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். "மணி என்ன செய்யும்?" என்று மகள் கேட்டாள். "நிழல் இருக்கிறது, ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கி வைத்திருக்கிறேன், பத்தே நிமிஷம்" என்றேன். சிவாலயங்களில் பைரவர் சந்நிதியில் நாய் வாகனமாக நிற்கிறது. நடராஜர் வாழும் ஊரில் நான் ஒரு நாயை வாகனத்துக்குள் பூட்டிவிட்டுப் போனேன்.

புடவைக் கடையில் பத்து நிமிஷம் என்பது எந்தக் கடிகாரத்திலும் கிடையாது என்பதைக் குடும்பஸ்தர்கள் அறிவார்கள். நிறம் பிடித்தால் கரை பிடிக்கவில்லை. கரை பிடித்தால் விலை பிடிக்கவில்லை. இருபத்தைந்து நிமிஷம் கழிந்தது. வெளியே வந்தபோது வேப்ப மர நிழல் வண்டியை விட்டு நகர்ந்திருந்தது. பூமி சுழல்கிறது என்று வருஷந்தோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவன் நான். வண்டியின் பக்கத்தில் ஒரு பூக்காரம்மாள் நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் சாமி வண்டி இது? உள்ளே ஒரு சீவன் தவிக்குதே, உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள்.

கதவைத் திறந்தேன். அடுப்பைத் திறந்தாற்போல் அனல் வந்தது. மணி ஸீட்டின் கீழே கிடந்தது. நாக்கு தொங்கி, செக்கச்செவேலென்று இருந்தது. மூச்சு இரைத்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்குக் காதை அசைக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் கால் துவண்டது. என் மகள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. பூக்காரம்மாள் யாரையும் கேட்கவில்லை. பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீர் முழுவதையும் மணியின் மேல் கொட்டினாள். பிறகு முறத்தை எடுத்து விசிறினாள். "இன்னும் தண்ணி கொண்டாங்க, நிக்காதீங்க!" என்று எங்களை விரட்டினாள். ஐந்தாறு குடம் தண்ணீர் விட்ட பிறகு மணி தலையைத் தூக்கியது. அதற்கப்புறந்தான் கால்நடை வைத்தியரிடம் எடுத்துக்கொண்டு ஓடினோம்.

வைத்தியர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "அந்த அம்மாள் செய்ததுதான் சரியான சிகிச்சை. முதலில் உடம்பைக் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்றவேண்டும். தண்ணீர் விடாமல் நேரே இங்கே கொண்டுவந்திருந்தால் நான் செய்வதற்கு ஒன்றும் இருந்திராது" என்றார். எழுந்து நடந்தாலும் இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் பழுதாகலாம் என்று சொல்லி, மறுபடியும் மறுபடியும் கொண்டுவரச் செய்து பரீட்சித்தார்.

நிற்க. நிறுத்தி வைத்த வண்டிக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? கண்ணாடி வெயிலை உள்ளே விடும்; உள்ளே பட்டுச் சூடான ஸீட்டும் பலகையும் கக்கும் அனலை எளிதில் வெளியே விடாது. 2005-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் வெயில் நாட்களில் ஒரு காரை நிறுத்தி வைத்து உஷ்ணத்தை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரி 22 டிகிரி ஸெல்ஸியஸ் ஏறியது. அந்த ஏற்றத்தில் நூற்றுக்கு 80 பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிட்டது. வெளியே 35 டிகிரி என்றால், அரை மணியில் உள்ளே 53. ஜன்னலைச் சிறிது இறக்கி வைத்தும் பார்த்தார்கள். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. என் இரண்டு விரற்கடையின் யோக்கியதை அவ்வளவுதான்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்து, வாயிலும் நாக்கிலுமுள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன் உடம்பைக் குளிரவைத்துக்கொள்ள வேண்டும். ஈரக்காற்றில் ஆவி சீக்கிரம் பிரியாது. கடலூரிலும் சிதம்பரத்திலும் துணி காய எவ்வளவு நேரமாகும் என்பது இல்லத்தரசிகளுக்குத் தெரியும். நாயின் நாக்கும் அதே காற்றில்தான் காயவேண்டும். பூட்டிய வண்டிக்குள்ளோ, அது இரைக்க இரைக்க உள்ளேயிருக்கும் காற்றே இன்னும் ஈரமாகிறது. நாயின் இயற்கையான உஷ்ணம் 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இடைவெளி எவ்வளவு சிறியது, பாருங்கள்.

ஆகையால் அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். அடங்காத இரைப்பு, கோழை போன்ற எச்சில், ஈறும் நாக்கும் கடுஞ்சிவப்பு, தள்ளாட்டம், வாந்தி, கூப்பிட்டால் திரும்பாமை. இவற்றைக் கண்டால் நிழலுக்குக் கொண்டுபோய், கிடைத்த தண்ணீரை உடம்பெல்லாம் தாராளமாகக் கொட்டி, விடாமல் விசிறவேண்டும். ஐஸ் தேடி ஓடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். ஈரத்துணியால் போர்த்தி மூடவேண்டாம். அது சூட்டை உள்ளேயே அடக்கிவிடும். நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. தானாகக் குடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பிறகு வைத்தியர்.

மூக்குத் தட்டையான நாய்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். 2003-ல் ஒரு டெலிபோன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் ஓடிய 'பக்' நாயைப் பார்த்து, தேசமே அந்த ஜாதியின்மேல் மோகம் கொண்டது. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் சாதாரணமாக மூச்சு விடவே கஷ்டப்படும் மூக்கு அதற்கு. பனிப்பிரதேசத்து நாயின் அடர்ந்த ரோமமும் நமது மே மாதமும் ஒத்துவராத சம்பந்தம். நம் ராஜபாளையமும், கன்னியும், சிப்பிப்பாறையும் நீண்ட மூக்கும் குட்டை ரோமமுமாக இந்த வெயிலுக்கென்றே பிறந்தவை. 2005-ல் தபால் இலாகா வெளியிட்ட நாய்த் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் சுதேசி நாயானாலும் பூட்டிய காருக்குள் பிழைக்காது. எங்கள் மணி சுத்த சுதேசி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அநாவசியமான வேதனை உண்டாகும்படி ஒரு பிராணியை வண்டியில் கொண்டுபோவது குற்றம் என்று 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் கூறுகிறது. அந்தச் சட்டத்தின் மூலகர்த்தா நமது ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திரத்தை ஸ்தாபித்துப் பரதக் கலைக்குப் புது வாழ்வு தந்த அதே அம்மையார்தான். 1952-ல் ராஜ்ய சபை அங்கத்தினராக நியமனம் பெற்று, தனிப்பட்ட அங்கத்தினர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். சர்க்காரே இதை ஏற்று நடத்தும் என்று நேருஜி வாக்களித்த பிறகு தம் மசோதாவை வாபஸ் பெற்றுக்கொண்டார். 1962-ல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஆனால் சட்டம் எழுதியபோது முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். மேல வீதியில் நான் செய்ததற்குத் தண்டனை அபராதத்தில் இல்லை. என் மகள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது.

இவ்வளவு தொல்லை எதற்கு, நாயை வீட்டிலேயே விட்டுப் போனால் என்ன என்று சிலர் நினைக்கலாம். பெரும்பாலான நாட்களில் அதுவே உத்தமம். கடையும் கச்சேரியும் நாய்க்கு வேண்டியதில்லை. ஆனால் நாம் கடலூர்க்காரர்கள். 2011 டிசம்பர் 30-ஆந் தேதி காலை 'தானே' புயல் நம்மேல் ஏறி வந்ததை மறந்துவிட்டோமா? 2015-ன் வெள்ளத்தைத்தான் மறந்துவிட்டோமா? வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பவேண்டிய நாள் நமக்கு வரும். அன்று, வண்டியைக் கண்டால் மிரளும் நாயை ஏற்றமுடியாது. கட்டிப் போட்டுவிட்டுப் போனால் அது தண்ணீரில் மூழ்கும். ஆகவே நல்ல நாளிலேயே நாயை வண்டிக்குப் பழக்கி வைப்பது குடும்பத்தின் கடமைகளில் ஒன்று.

பழக்குவதற்கு அவசரம் கூடாது. சிதம்பரத்து அநுபவத்துக்குப் பிறகு மணி எங்கள் காரைக் கண்டால் மாட்டுக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டது. ஒரு வாரம் நிற்கும் வண்டியின் கதவைத் திறந்து வைத்து, உள்ளே அதன் பழைய கோணிச்சாக்கை விரித்து, அங்கேயே சோறு வைத்தோம். மறு வாரம் இன்ஜினை ஓடவிட்டோம். அதற்கடுத்த வாரம் தெரு முனை வரை. பிறகு தேவனாம்பட்டினம் கடற்கரை வரை. பிரயாணத்தின் முடிவில் நாய்க்குப் பிடித்தமானது ஏதாவது இருக்கவேண்டும். ஊசி போடும் நாளில் மட்டும் காரில் ஏற்றினால், காரும் ஊசியும் அதற்கு ஒன்றாகிவிடும். வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டு, குடிதண்ணீர், ஒரு கிண்ணம், பழைய துண்டு, கழுத்துப்பட்டையில் நம் டெலிபோன் நம்பர் இவை போதும். கதவைத் திறப்பதற்கு முன் கயிறு கையில் இருக்கட்டும். இறக்கிவிடுமுன் தார் ரோட்டின் மேல் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

இந்த வாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டு விடை சொன்னேன். "பின்னால், அப்பா, மார்பில் பட்டை கட்டி. ஆனால் அது பாதி விடைதான். நாயை விட்டு ரதத்தில் ஏறமாட்டேன் என்றார் தருமர். நாயை உள்ளே விட்டு ரதத்திலிருந்து இறங்கமாட்டேன் என்பது மற்றப் பாதி. ஏனென்றால் கதவைத் திறக்க அதற்குக் கை கிடையாது, பத்து நிமிஷம் என்று நாம் சொல்வதும் அதற்குப் புரியாது" என்றேன்.

பையன் சற்று யோசித்து, "மணி இப்போது எப்படி இருக்கிறது, ஸார்?" என்றான்.

நன்றாக இருக்கிறது. நாங்கள் இப்போதெல்லாம் காலை ஆறு மணிக்கே கிளம்பி, வெயில் ஏறுமுன் சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். கடைக்குப் போகவேண்டுமானால் ஒருவர் நாயோடு வெளியே நிழலில் நிற்பது என்று ஏற்பாடு. பெரும்பாலும் அந்த ஒருவர் நான்தான். மேல வீதியில் பூக்காரம்மாளிடம் தேவைக்கு மேல் இரண்டு முழம் பூ வாங்குகிறோம். அவள் பூவை அளப்பதற்கு முன், மணி இறங்கி வந்து எதிரே நிற்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.